எத்தனை பிள்ளைகள்? – வீட்டுப் பகல் பராமரிப்பும் வியாபாரியின் பொறுப்பும்



வழமையாக இந்தப் பகுதியில் கொள்முதல், கடன் கணக்கு, கூட்டு வியாபாரம், வாடகை ஒப்பந்தம் என்று நமது கடைத்தெரு விவகாரங்களையே எழுதி வருகிறேன். இவ்வாரம் நம்மில் பலர் வியாபாரம் என்றே கணக்கில் எடுக்காத ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். நமது ஊர்களில் வீடுகளுக்குள் நடக்கும் பிள்ளைப் பராமரிப்பு, அதாவது 'டே கெயார்' பற்றித்தான். இதை எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்று வாசகர்கள் கேட்கலாம். பிழை விட்டவன் என்ற தகுதி எனக்கு நிச்சயமாக இருக்கிறது.

முன்பெல்லாம் வேலைக்குப் போகும் பெண்ணின் பிள்ளையை உம்மும்மா பார்த்தார். இல்லாவிட்டால் சாச்சி பார்த்தார். இன்று உம்மும்மா வேறு ஊரில், சாச்சியும் வேலைக்குப் போகிறார். நமது பாடசாலைகளின் ஆசிரியைகள், வங்கியில் வேலை செய்யும் பிள்ளைகள், தாதிமார், நமது கடைகளில் காசாளராக நிற்கும் பெண்கள் என்று எல்லோருக்கும் காலை ஏழு மணியிலிருந்து பின்னேரம் வரை பிள்ளையை விட ஓர் இடம் தேவை. அந்தத் தேவைக்கு நமது வீட்டுப் பெண்களே பதில் சொல்கிறார்கள். முன்பள்ளி டிப்ளோமா முடித்த மகள், கணவன் வெளிநாட்டில் இருக்கும் சகோதரி, ஓய்வு பெற்ற டீச்சர் என்று பலர் வீட்டின் முன்னறையில் பாய் விரித்து ஆரம்பிக்கிறார்கள். ஹலாலான உழைப்பு. சமூகத்துக்கும் உதவி. இதில் மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் இவற்றில் எத்தனை பதிவு செய்யப்பட்டவை என்று கேட்டால் நாம் தலையைச் சொறிவோம். நானும் அப்படிச் சொறிந்தவன்தான்.

என் வீட்டுக் கதை

எனது தொழில் ஹாட்வெயார் கடை. முப்பது வருடமாகப் பூட்டு, கொண்டி, கேபிள், குழாய் விற்றுப் பிழைக்கிறேன். 2022ஆம் ஆண்டு நாட்டுக்கு வந்த நெருக்கடியை நான் விளக்கத் தேவையில்லை. எரிபொருள் வரிசையும் மின்வெட்டும் கடையை முடக்கிப் போட்ட அந்த வருடத்தில்தான் எனது இளைய மகள் வீட்டுக் கீழ்மாடியில் பிள்ளைகள் பார்க்கத் தொடங்கினாள். முன்பள்ளிப் பயிற்சி பெற்றவள். பொறுமைசாலி. மூன்று பிள்ளைகளோடு ஆரம்பித்தது ஆறு மாதத்தில் பதினொன்றாகியது. உதவிக்கு அயலில் உள்ள ஒரு தாத்தாவை வைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் மகள் என்னிடம், "வாப்பா, இத பதியோணும் போலிருக்கு, பிரதேச செயலகத்தில கேட்டுப் பாக்கவா?" என்றாள்.

நான் சொன்ன பதிலை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. "வீட்டுக்குள்ள தானே மகள் நடக்குது. போர்ட் ஒண்டும் போடாத. பதிஞ்சா அவன் வருவான், இவன் வருவான், பிறகு வரி எண்டு வருவான். தெரிஞ்ச ஆக்கள்ட பிள்ளைகள் தானே, சும்மா இரி" என்றேன். வியாபாரத்தில் அனுபவம் உள்ள வாப்பா சொல்கிறார் என்று அவளும் விட்டுவிட்டாள்.

2023ஆம் ஆண்டின் ஆரம்பத்தில் ஒரு நாள் எங்கள் பகுதியில் தண்ணீர் வெட்டு. முதல் நாள் இரவே பாத்திரங்களில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தோம். பின்பக்கத்துக் குளியலறையில் வுழூவுக்கென்று பெரிய வாளி ஒன்று நிறைந்து நின்றது. கதவுக்குக் கொண்டி இருந்தது. ஆனால் கழன்று தொங்கியது. அந்தக் கொண்டியை மாற்ற வேண்டும் என்று இரண்டு மாதமாக மகள் சொல்லிக்கொண்டிருந்தாள். எனது கடையில் அதே கொண்டி ஒரு பெட்டி நிறையக் கிடந்தது.

பத்தரை மணியளவில் ஒரு பிள்ளையின் உம்மா வாசலுக்கு வந்தார். மகள் அவரோடு பேசப் போனாள். தாத்தா அடுப்படியில் பால் காய்ச்சினார். இரண்டு வயது நிறைந்த ஒரு மகன் நடந்து போய் அந்த வாளிக்குள் கையை விட்டிருக்கிறான். சிறு பிள்ளைக்கு உடம்பை விடத் தலை பாரம். குனிந்தால் நிமிர வராது. தலைகீழாக உள்ளே போய்விட்டான். சத்தம் எதுவும் வரவில்லை. தண்ணீரில் போகும் பிள்ளை கத்தாது என்பதை அன்றுதான் நாங்கள் அறிந்தோம்.

பால் போத்தலைக் கழுவ வந்த தாத்தாதான் கண்டார். தூக்கியபோது பிள்ளை நீலம் பூத்திருந்தது. மகள் படித்த முதலுதவி அன்று கைகொடுத்தது. பிள்ளை இருமி மூச்சு விட்டது. முச்சக்கர வண்டியில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஓர் இரவு வைத்துப் பார்த்து மறுநாள் அனுப்பினார்கள். அல்ஹம்துலில்லாஹ், அந்தப் பிள்ளைக்கு எந்தக் குறையும் இல்லை.

அன்று ஆஸ்பத்திரிப் பொலிஸ் காவலரணில் இருந்த உத்தியோகத்தர் என்னிடம் சிங்களத்தில் இரண்டே கேள்வி கேட்டார். "முதலாளி, இடம் பதிவு செய்ததா?" இல்லை என்றேன். "இன்றைக்கு எத்தனை பிள்ளைகள் இருந்தார்கள்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மகளைப் பார்த்தேன். ஒன்பதோ பத்தோ என்றாள். வரவுப் பதிவேடு என்று ஒன்று எங்களிடம் இருக்கவில்லை. கடையில் மூன்றங்குல ஆணி எத்தனை பெட்டி இருக்கிறது என்று கேட்டால் நித்திரையிலும் சொல்பவன் நான். என் வீட்டுக்குள் அடுத்தவர் ஒப்படைத்த பிள்ளைகள் எத்தனை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நமது பெண்பிள்ளைகள் பணத்தையும் பொருளையும் அமானிதமாகத் தந்தால் எழுதி வைத்துக் கையொப்பம் வாங்குகிறோம். பிள்ளையைத் தந்தால் மட்டும் "சும்மா இரி" என்கிறோம்.

பதிவு என்றால் என்ன, யாரிடம் போவது?

மறுநாளே இடத்தை மூடினோம். பிறகு முறையாக ஆரம்பிக்க முடிவெடுத்து ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினோம். அப்போது அறிந்தவற்றை வாசகர்களின் நன்மைக்காகச் சுருக்கமாகத் தருகிறேன்.

1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் பின் முன்பள்ளி விடயங்களும் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகளும் மாகாண சபைகளின் பொறுப்பிலும் வருகின்றன. எனவே படிவமும் நிபந்தனையும் மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடும். அக்குறணையில் ஒருவர் செய்ததை வைத்துக் காத்தான்குடியில் அப்படியே செய்ய முடியாது. இதற்கு மேலாக, 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை இருக்கிறது. பகல் பராமரிப்பு நிலையங்களுக்கென்று தேசிய மட்டத்தில் வழிகாட்டல்களும் இருக்கின்றன.

முதலில் போக வேண்டிய இடம் உங்கள் பிரதேச செயலகம். அங்கே சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தரும் இருப்பார்கள். அவர்களிடம் "இப்படி ஒன்று ஆரம்பிக்க இருக்கிறோம், என்ன தேவை?" என்று கேட்டால் உங்கள் பகுதிக்குரிய பட்டியலைச் சொல்வார்கள். வெளிக்கள உத்தியோகத்தர்கள் எல்லா நாளும் கந்தோரில் இருப்பதில்லை. நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள். நான் கேட்காமல் போய் மூன்று முறை வெறுங்கையோடு திரும்பியவன். படிவத்தைத் தமிழில் கேளுங்கள். தமிழும் அரச கரும மொழிதான். கேட்டு வாங்குவது நமது உரிமை.

எங்களிடம் கேட்கப்பட்டவை இவை: கிராம உத்தியோகத்தரின் சான்று, வீட்டு உரிமைப் பத்திரத்தின் பிரதி, வீட்டின் வரைபடம், பராமரிப்பவரின் கல்வி, முதலுதவிச் சான்றிதழ்கள், மருத்துவ அறிக்கை, பொலிஸ் அறிக்கை, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் சிபாரிசு. வியாபாரப் பெயர்ப் பதிவு வேறு, இது வேறு. பெயர்ப் பதிவுப் பத்திரத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு "எங்களுடையது பதிந்தது" என்று சொல்பவர்களை நான் கண்டிருக்கிறேன். அது கடைக்குப் பெயர் வைத்ததற்கான ஆதாரம் மட்டுமே. பிள்ளை பார்க்கலாம் என்பதற்கான அனுமதி அல்ல.

இந்த நேரத்தில் ஒரு நண்பர் வந்து, "நானா, ஏன் இவ்வளவு கரைச்சல்? எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இரிக்கிறார், ஒரு கணக்க குடுத்தா கடதாசி வீட்டுக்கே வரும்" என்றார். இலஞ்சம் கொடுப்பவரும் வாங்குபவரும் குற்றவாளிகள் என்று மார்க்கமும் சொல்கிறது, நாட்டுச் சட்டமும் சொல்கிறது. அதை விடுங்கள். காசுக்கு வாங்கிய கடதாசி வாளிக்குள் விழுந்த பிள்ளையைத் தூக்குமா? நமக்குத் தேவை கடதாசி அல்ல, வந்து பார்க்கும் ஒரு கண்.

முழங்காலில் இருந்து பார்த்த பரிசோதனை

பரிசோதனைக்கு வந்த உத்தியோகத்தர் ஒரு சகோதர இனப் பெண். வந்தவுடன் அவர் செய்த காரியம் என்னை ஆச்சரியப்படுத்தியது. முன்னறையில் முழங்காலில் இருந்துகொண்டு நாலு பக்கமும் பார்த்தார். "உங்களுடைய உயரத்தில் பார்த்தால் வீடு சரி. பிள்ளையின் உயரத்தில் பார்க்க வேண்டும்" என்றார். நானும் மெதுவாகக் குனிந்து பார்த்தேன். முப்பது வருடம் வாழ்ந்த வீடு வேறு வீடாகத் தெரிந்தது.

சுவரின் அடியில் மூடப்படாத மின்செருகி. அலுமாரியின் கீழ்த்தட்டில் எனது சீனி வருத்தத்துக்கான குளிசைகள். சீனியைக் குறைக்கும் சில வகைக் குளிசை ஒன்றே சின்னப் பிள்ளையை மயக்கத்தில் தள்ளப் போதும் என்று அவர் சொன்னபோது எனக்கு வியர்த்தது. மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய மண்ணெண்ணெய், சோடாப் போத்தலில் ஊற்றிக் கதவு மூலையில் இருந்தது. மாடிப் படிக்குக் கேட் இல்லை. தொலைக்காட்சி வைத்த மேசை சுவரில் பொருத்தப்படவில்லை. பிள்ளை பிடித்து ஏறினால் எல்லாம் சேர்ந்து விழும். பின்வளவுக் கிணற்றுக்குக் கட்டு இருந்தது, மூடி இல்லை. அடுப்படியில் காஸ் சிலிண்டரின் குழாயில் வெடிப்பு.

2021ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாடெங்கும் காஸ் அடுப்புகளும் சிலிண்டர்களும் வெடித்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். சமையல் காஸ் காற்றை விடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு படியும். தவழும் பிள்ளை இருப்பதும் அதே தரையில்தான். அவர் இதைச் சொல்லும்வரை, கடையில் காஸ் குழாய் விற்கும் எனக்கு அது தோன்றவில்லை.

பீ.எச்.ஐ. மாத்தயா வந்து நீர்த்தாங்கி, மலசலகூடம், சமையலறை, நுளம்பு பெருகும் இடங்கள் என்று வளவைச் சுற்றிப் பார்த்தார். உணவைப் பற்றியும் கேட்டார். ரம்புட்டான் காலத்தில் கொட்டை, மற்ற நாட்களில் கச்சான், முழுத் திராட்சை ஆகியவை சின்னப் பிள்ளைகளின் தொண்டையில் அடைக்கும் என்று எச்சரித்தார். வெட்டியோ நசித்தோதான் கொடுக்க வேண்டும், அதுவும் ஆள் பக்கத்தில் இருக்கும்போது.

எனக்குக் கோபம் வந்தது ஒரே ஒரு இடத்தில்தான். "வீட்டில் இருக்கும் பெரியவர்கள் எல்லோருடைய பெயரும் வேண்டும், பொலிஸ் அறிக்கையும் வேண்டும்" என்றார். நான், எனது மகன், மருமகன் எல்லோரும். "இந்த ஊரில் என்னைத் தெரியாதவர் இல்லை, என்னிடமா பொலிஸ் அறிக்கை?" என்றேன். அந்த மிஸ் அமைதியாகச் சொன்னார்: "முதலாளி, தாய்மார் உங்களுடைய மகளை நம்பித்தான் பிள்ளையைத் தருகிறார்கள். ஆனால் பிள்ளை இருப்பது நீங்கள் எல்லோரும் இருக்கும் வீட்டில்."

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது நியாயம். சிறுவருக்கு நடக்கும் கொடுமைகள் பெரும்பாலும் தெரிந்தவர்களிடமிருந்தே வருகின்றன. இங்கிலாந்தில் வீட்டில் பிள்ளை பார்ப்பவர் பதியும்போது, அந்த வீட்டில் வாழும் 16 வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் சோதிக்கிறார்கள். அதை அவமானம் என்று அங்கே யாரும் எடுப்பதில்லை. நானும் போய் எடுத்துக் கொடுத்தேன்.

உண்மையான செலவு எது?

வியாபாரிகள் என்ற வகையில் நாம் செலவைப் பேசாமல் இருக்க முடியாது. மின்செருகி மூடி, படிக் கேட், கொண்டிகள், கிணற்றுக்குக் கம்பி மூடி, புதிய காஸ் குழாய், சிலிண்டரை வெளியே வைக்க ஒரு கூடு, தீயணைப்பான், புகை எச்சரிக்கைக் கருவி, ட்ரிப் சுவிட்ச் பழுது பார்த்தது ஆகிய எல்லாம் சேர்த்தும் மகளின் இரண்டு மாத வருமானத்தைத் தாண்டவில்லை. அதில் பாதிப் பொருள் என் கடையிலேயே இருந்தது.

உண்மையான செலவு வேறு இடத்தில் இருந்தது. இரண்டு பேர் பார்க்கும் அந்த இடத்துக்குப் பதினொரு பிள்ளைகள் அதிகம் என்று சொல்லிவிட்டார்கள். அதிலும் நான்கு பிள்ளைகள் நடை பழகாதவர்கள். ஆறுக்குக் குறைக்க வேண்டியிருந்தது. ஐந்து தாய்மாரைத் திருப்பி அனுப்பினோம். வருமானம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. அனுமதிப்பத்திரக் கட்டணம் பெரிய செலவு என்று பயப்படுபவர்களுக்குச் சொல்கிறேன்: கட்டணம் ஒன்றுமே இல்லை. நீங்கள் எடுக்க முடியாமல் போகும் பிள்ளைகள்தான் செலவு. பலர் பதியாமல் இருப்பதற்கும் உள்ளூர இதுதான் காரணம்.

ஆனால் எண்ணிக்கை ஏன் முக்கியம்? தீப்பிடித்தால் ஒரு பெண் ஒரே நேரத்தில் எத்தனை கைப்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓட முடியும்? இரண்டு கையில் இரண்டு. இதுதான் கணக்கு. இங்கிலாந்தில் வீட்டில் தனியாகப் பிள்ளை பார்க்கும் ஒருவருக்கு வழமையான உச்சவரம்பு, 8 வயதுக்குக் குறைந்தவர்கள் 6 பேர். அவர்களில் 5 வயதுக்குக் குறைந்தவர்கள் 3 பேருக்கு மேல் கூடாது. ஒரு வயதுக்குக் குறைந்தவர் ஒருவர்தான். பராமரிப்பவரின் சொந்தப் பிள்ளைகளும் இந்த எண்ணிக்கையில் சேரும். நம்மவர்கள் சொந்தப் பிள்ளைகளை எண்ணுவதே இல்லை.

விலையைக் கூட்டினோமா என்று கேட்பீர்கள். கொஞ்சம் கூட்டினோம், காரணத்தையும் சொன்னோம். ஆறு தாய்மாரில் ஒருவரும் மறுக்கவில்லை. பதிவுப் பத்திரம், பிள்ளைகளின் எண்ணிக்கை, அவசரத் தொலைபேசி இலக்கங்கள் ஆகியவற்றை வாசலில் மாட்டிய பின்பு, கேட்டு வருபவர்கள் கூடினார்கள். இன்று காத்திருப்போர் பட்டியல் இருக்கிறது. தகாபுல் காப்புறுதிக்குப் போனபோதும் அவர்கள் முதலில் கேட்டது பதிவுப் பத்திரத்தைத்தான். தராசுக்கு முத்திரை குத்துவதை நாம் நஷ்டம் என்று சொல்வதில்லை. முத்திரை உள்ள தராசை வாடிக்கையாளர் நம்புகிறார். இதுவும் அப்படித்தான்.

பத்திரம் மட்டும் போதுமா?

போதாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 2011 பெப்ரவரி 24ஆம் திகதி, வீட்டில் நடந்த ஒரு பராமரிப்பு நிலையத்தில் தீப்பிடித்து 4 பிள்ளைகள் இறந்தார்கள். பொறுப்பாக இருந்த பெண், எண்ணெய்ச் சட்டி அடுப்பில் இருக்க, பிள்ளைகளைத் தனியே விட்டுக் கடைக்குச் சாமான் வாங்கப் போயிருந்தார். அது பதிவு செய்யப்பட்ட இடம். 2012இல் நீதிமன்றம் அவருக்கு 80 வருடச் சிறை விதித்தது.

அதே நாட்டில் பென்சில்வேனியா மாநிலத்தின் ஈரி நகரில் 2019 ஓகஸ்ட் 11ஆம் திகதி அதிகாலை, இரவு நேரமும் பிள்ளை பார்க்கும் ஒரு வீட்டில் தீப்பிடித்து 5 பிள்ளைகள் இறந்தார்கள். அந்த வீட்டுக்கும் மாநிலத்தின் அனுமதி இருந்தது. ஆனால் முழு வீட்டுக்கும் புகை எச்சரிக்கைக் கருவி ஒன்றுதான். அதுவும் கூரைக்குக் கீழுள்ள பரணில் இருந்தது.

பணமும் சட்டமும் உள்ள நாட்டிலேயே இப்படி என்றால், பரிசோதகர் வருடத்தில் ஒரு தடவையோ இரு தடவையோ வரும் நமது ஊர்களில் பத்திரம் மட்டும் பிள்ளையைக் காக்காது. பரிசோதகர் வருவது ஒரு நாள். மற்ற நாட்களில் பரிசோதகர் நாம்தான். ஒட்டகத்தைக் கட்டுவது பற்றிய ஹதீஸை நாம் எத்தனை ஜும்ஆவில் கேட்டிருக்கிறோம். அதைக் கதவுக் கொண்டியில் நாம் பொருத்திப் பார்ப்பதில்லை.

எனது மகள் இப்போது தினமும் பிள்ளைகள் வருமுன் ஒரு கொப்பியில் அடையாளமிட்டுக் கையொப்பம் வைக்கிறாள். அதில் இருப்பவை இவ்வளவுதான்:

1. எல்லா வாளியும் பேசனும் வெறுமையாகக் கவிழ்த்து இருக்கிறதா? (இரண்டு அங்குலத் தண்ணீரே ஒரு கைப்பிள்ளைக்கு ஆபத்து.)

2. குளியலறைக் கதவு, கிணற்று மூடி, படிக் கேட், வெளி கேட் நான்கும் பூட்டியிருக்கின்றனவா?

3. காஸ் சிலிண்டர் மூடியிருக்கிறதா? பிள்ளைகள் இருக்கும் நேரத்தில் அடுப்படிக் கதவு சாத்தியிருக்கிறதா?

4. குளிசை, மண்ணெண்ணெய், கழுவும் மருந்து எல்லாம் மேல்தட்டில் பூட்டி இருக்கின்றனவா?

5. பிள்ளை வந்த நேரம், கொண்டு வந்தவர், கூட்டிப்போக அனுமதி உள்ளவர் எல்லாம் எழுதியாகிவிட்டதா? கிளினிக் புத்தகத்தின் பிரதியும் ஒவ்வாமை பற்றிய குறிப்பும் கோவையில் இருக்கின்றனவா?

6. ஒவ்வொரு மணித்தியாலமும் எண்ணப்பட்டதா? வாசலுக்கு யாராவது வந்தால், மற்றவர் பிள்ளைகளிடம் வந்த பிறகுதான் ஒருவர் எழும்ப வேண்டும்.

இதோடு மாதம் ஒரு முறை ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிள்ளைகளை வெளியே கொண்டுவந்து பழக்குகிறோம். அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119, சிறுவர் பாதுகாப்பு முறைப்பாட்டுக்கு 1929 ஆகிய இலக்கங்கள் பெரிய எழுத்தில் சுவரில் இருக்கின்றன.

சட்டத்தையும் அறிந்து வைத்துக்கொள்ளுங்கள். 1995ஆம் ஆண்டு தண்டனைச் சட்டக்கோவையில் சேர்க்கப்பட்ட 308அ பிரிவு, தன் பொறுப்பில் உள்ள 18 வயதுக்குக் குறைந்தவரை வேண்டுமென்றே துன்புறுத்துவதையும் புறக்கணிப்பதையும் குற்றமாக்குகிறது. தண்டனை 2 வருடத்திலிருந்து 10 வருடம் வரை சிறை. "வீட்டில் தானே" என்ற விளக்கத்துக்கு அதில் இடமில்லை.

கடை முதலாளிமாருக்கு ஒரு வார்த்தை

நமது கடைகளில் வேலை செய்யும் பெண்கள் காலையில் பிள்ளையை எங்கே விட்டுவிட்டு வருகிறார்கள் என்று நாம் ஒரு நாளாவது கேட்டிருக்கிறோமா? நாங்கள் திருப்பி அனுப்பிய ஐந்து தாய்மாரில் ஒருவர், பதிவும் இல்லாத, எங்களை விட நெருக்கமான வேறு ஒரு வீட்டில் பிள்ளையை விட்டார். அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. நாங்கள் சட்டப்படி நடந்தோம்; ஆனால் அந்தப் பிள்ளைக்கு எங்களால் எந்த நன்மையும் கிடைக்கவில்லை. இது இன்னும் என் மனதை அரிக்கிறது.

ஆகவே ஒரு வீட்டைத் திருத்துவது மட்டும் போதாது. ஊருக்குள் பதிவு செய்த இடங்கள் கூட வேண்டும். அதற்கு நம்மால் முடிந்தவை பல. வர்த்தக சங்கம் வருடத்தில் ஒரு தடவை முதலுதவிப் பயிற்சி வைக்கலாம். பள்ளிவாசல் நிர்வாகம் பிரதேச செயலக உத்தியோகத்தரை அழைத்து, வீட்டில் பிள்ளை பார்க்கும் சகோதரிகளுக்குப் பதிவு முறையை விளக்கச் சொல்லலாம். கேட்டும் தீயணைப்பானும் வாங்க வசதியில்லாத சகோதரிக்கு வட்டியில்லாக் கடனாகக் கொடுக்கலாம். ஹாட்வெயார் நடத்தும் சகோதரர்கள் இந்தப் பொருட்களை வாங்கிய விலைக்கே கொடுத்தால் நஷ்டப்பட மாட்டார்கள், நான் கொடுக்கிறேன். மூன்று நான்கு முதலாளிமார் சேர்ந்து தமது ஊழியர்களின் பிள்ளைகளுக்காக, பதிவு செய்த ஓர் இடத்தின் கட்டணத்தில் பங்கெடுத்தால், அனுபவமுள்ள ஊழியர் பிள்ளைக்காக வேலையை விட்டுப் போவதும் குறையும். இது ஸதகா மட்டுமல்ல, நல்ல வியாபாரமும்கூட.

வீட்டில் மகளோ மருமகளோ மனைவியோ இந்தத் தொழிலைச் செய்கிறார் என்றால், இன்று கடை மூடியதும் வீட்டுக்குப் போய் முன்னறையில் முழங்காலில் இருந்து ஒரு தடவை பாருங்கள். கழன்ற கொண்டி இருந்தால் நாளை என்று தள்ளிப் போடாதீர்கள். அவர்கள் பதிவைப் பற்றிக் கேட்டால், நான் சொன்ன பதிலைச் சொல்லாதீர்கள்.

வாளியில் விழுந்த அந்த மகனின் உம்மா ஒரு டீச்சர். அன்று ஆஸ்பத்திரியில் அவர் எங்களை ஏசவில்லை. பிள்ளையைத் திரும்ப எங்களிடம் விடவும் இல்லை. அதில் எங்களுக்கு மனக்கசப்பு இல்லை. அந்த மகன் இப்போது பெரிய பிள்ளையாகிவிட்டான். சில நாட்களில் வாப்பாவோடு கடைக்கு வருவான். மேசைக்கு மேலாக எட்டி, பெட்டியில் உள்ள கொண்டிகளை அள்ளி "ஒண்டு, ரெண்டு, மூணு" என்று எண்ணி விளையாடுவான். அவனுடைய வாப்பா தடுப்பார். "இரிக்கட்டும், எண்ணட்டும்" என்று நான் சொல்வேன்.

நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களைப் பேணி நடப்பவர்களாக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.